தண்ணி ஏன் டீ கலர்ல இருக்கு?

போன கோடையில் லேடிபவர் நீர்த்தேக்கத்தின் கரையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள்: "அப்பா, இந்தத் தண்ணி ஏன் டீ கலர்ல இருக்கு?"

"மலை மண்ணு கலந்து வருதும்மா."

"மண்ணுன்னா கலங்கலா இருக்கணும்ல? இது கலங்கலாவே இல்ல. அடியில கிடக்கிற கல்லு தெரியுது பாருங்க."

சரியான ஆட்சேபணை. காலி பாட்டிலில் கொஞ்சம் மொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் அடியில் சொல்லும்படியாக வண்டல் எதுவும் இல்லை. நிறம் மட்டும் அப்படியே இருந்தது. அப்படியென்றால் மண் தண்ணீரில் மிதக்கவில்லை, ஏதோ ஒன்று கரைந்திருக்கிறது. என்ன அது? எங்கிருந்து வந்தது? பி.இ. படித்தவனுக்கு வேதியியல் முதலாண்டோடு முடிந்துபோகிறது. எனவே ஆறு மாதம், ராத்திரி ஆபீஸ் வேலை முடிந்த பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததை நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஜனவரி முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை நானும் அவளும் கிளம்பினோம். அவளுக்குப் பதிமூன்று வயது. தண்ணீர் இறங்கி வருகிற பக்கமாக நாங்கள் ஏறிப் போவதுதான் திட்டம்.

இடம்: இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்கு மேற்கே, பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் டெர்வென்ட் ஆற்றின் மேல்பள்ளத்தாக்கு. அங்கே ஹௌடன், டெர்வென்ட், லேடிபவர் என்று மூன்று நீர்த்தேக்கங்கள் படிப்படியாக ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. கிழக்கே, தலைக்கு மேலே, டெர்வென்ட் எட்ஜ் என்கிற பாறை விளிம்பு. அதற்கு அப்பால் மூர்லாண்ட். மூர்லாண்ட் என்றால் காடு இல்லை, புல்வெளியும் இல்லை. மரமே இல்லாத, எப்போதும் ஈரமாகக் கிடக்கிற மேட்டு நிலம். முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்கிற புதர் மூடியிருக்கும். ஆகஸ்டில் ஊதாவாகப் பூக்கும், ஜனவரியில் காய்ந்த விறகுக் கட்டு மாதிரி இருக்கும்.

வெளிச்சத்துக்கு ஒரு பட்ஜெட்

குளிர்காலத்தில் இங்கே நடக்கப் போகிறவர்கள் பனியைப் பற்றித்தான் பயப்படுவார்கள். என் அனுபவத்தில் முதல் பிரச்சனை வெளிச்சம். டிசம்பர் கடைசியில் இந்தப் பகுதியில் பகல் ஏழரை மணி நேரம்தான். நாங்கள் போன அன்றைக்குச் சூரியன் உதித்தது காலை 8.20 வாக்கில், அஸ்தமனம் மாலை நாலு மணி.

நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட நெய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டு. 1892-ல் நெய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது. இன்றைய அளவுகளில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன் மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நாங்கள் திட்டமிட்ட வட்டம் 18 கிலோமீட்டர், ஏற்றம் மொத்தம் சுமார் 400 மீட்டர். அப்படியென்றால் 3 மணி 36 நிமிடம், கூட ஒரு 40 நிமிடம். மொத்தம் 4 மணி 16 நிமிடம்.

இது திடகாத்திரமான ஒருத்தர் எங்கேயும் நிற்காமல் நல்ல பாதையில் நடந்தால் ஆகிற நேரம். சேறு, பனி, சாப்பாடு, போட்டோ, பதிமூன்று வயதுக் கேள்விகள் எல்லாம் சேர்த்து நான் ஒன்றரையால் பெருக்கிக்கொண்டேன். கிட்டத்தட்ட ஆறரை மணி நேரம். ஒன்பதுக்குக் கிளம்பினால் மூன்றரைக்குத் திரும்பலாம். கையிருப்பு அரை மணி நேரம்.

மென்பொருள் வேலையில் கற்ற ஒரு பழக்கம் இங்கே உதவியது. எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். மலை மேல் நின்றுகொண்டு முடிவெடுத்தால் முடிவெடுப்பது நாமில்லை, நம் ஆசை. அதனால் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டோம். "லாஸ்ட் லாட் குன்று: 12.00. வீல் ஸ்டோன்ஸ் பாறை: 2.00. இரண்டு மணி தாண்டிவிட்டால் விளிம்பின் தெற்கு முனைக்குப் போகாமல் குறுக்குப் பாதையில் கீழே இறங்க வேண்டும்." சீட்டு மகளின் ஜாக்கெட் பாக்கெட்டில்.

பையில் இருந்தவை: தலையில் மாட்டுகிற டார்ச் ஆளுக்கு ஒன்று, விசில், 1:25,000 அளவுக் காகித மேப், காம்பஸ், மாற்று சாக்ஸ், பிளாஸ்கில் சுக்குக்காபி, எலுமிச்சை சாதம், மூன்று காலி பாட்டில்கள். ஆபத்தில் விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். போன் எடுத்தால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்கியூ என்று கேட்க வேண்டும். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். இதை மகளையே சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் காரை விட்டு இறங்கினேன்.

அணையின் கீழே

ஃபேர்ஹோம்ஸ் கார் பார்க்கிலிருந்து ஐந்து நிமிடத்தில் டெர்வென்ட் அணையின் அடிவாரம். இரண்டு பக்கமும் கோட்டைக் கோபுரங்கள், நடுவே கற்சுவர், 35 மீட்டர் உயரம். அன்றைக்கு நீர்த்தேக்கம் நிரம்பி, சுவரின் முழு அகலத்துக்கும் வெள்ளைத் திரை மாதிரி வழிந்துகொண்டிருந்தது. பேசினால் காதில் விழவில்லை.

டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய நாலு ஊர்களும் தொழிற்சாலைகளோடு சேர்ந்து வளர்ந்து, தண்ணீருக்கு அடித்துக்கொண்ட காலத்தில், 1899-ல் ஒரு சட்டத்தின் மூலம் டெர்வென்ட் பள்ளத்தாக்கு நீர் வாரியம் உருவானது. ஹௌடன் அணையை 1901 முதல் 1912 வரையும், டெர்வென்ட் அணையை 1902 முதல் 1916 வரையும் கட்டினார்கள். கல் வந்தது கிரிண்டில்ஃபோர்டு பக்கம் போல்ஹில் என்கிற குவாரியிலிருந்து. 12 லட்சம் டன். அதைக் கொண்டுவரத் தனியாக ரயில் பாதை போட்டார்கள். வேலையாட்களும் குடும்பங்களும் தங்க பர்ச்சின்லீ என்று தகர வீடுகளால் ஒரு ஊரையே கட்டினார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை எல்லாம் உண்டு. "டின் டவுன்" என்று பேர். வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துவிட்டார்கள். டெர்வென்ட் நீர்த்தேக்கத்தின் மேற்குக் கரையில் மரங்களுக்கு நடுவே அந்த ஊரின் அடித்தளங்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

இந்த இரண்டும் தங்கள் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கிற கல் அணைகள். அதனால் மேலே வழிந்தாலும் ஒன்றும் ஆகாது. பிறகு, 1935 முதல் 1943 வரை கட்டிய லேடிபவர் வேறு ஜாதி. அது நடுவில் களிமண் வைத்த மண் அணை. மண் அணைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் நீர்த்தேக்கத்துக்குள்ளேயே இரண்டு ராட்சதப் புனல்களை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் 24 மீட்டர் அகலம். மட்டம் ஏறினால் தண்ணீர் அதற்குள் விழுந்து அணைக்குக் கீழே போய்விடும். கோடையில் நாங்கள் பார்த்தபோது அது வெறும் கற்கிண்ணமாக இருந்தது.

டெர்வென்ட் அணை இன்னொரு விஷயத்துக்கும் பேர் போனது. 1943-ல் ஜெர்மன் அணைகளை உடைக்கப் போன 617-வது விமானப்படைப் பிரிவு, லங்காஸ்டர் விமானங்களில் தாழப் பறந்து பழகிய இடங்களில் இதுவும் ஒன்று.

மகளுக்கு விமானத்தில் ஆர்வம் இல்லை. வழிகிற வெள்ளைத் திரையைக் கைகாட்டி, "மேல வெள்ளையா இருக்கு, கீழ குட்டையில பாருங்க, டீ" என்றாள். நுரைக்கு ஏது நிறம்? ஓரத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் முதல் பாட்டிலை நிரப்பினோம்.

ஏற்றம்

டெர்வென்ட் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் நல்ல வண்டித்தடம். ஒரு மணி நேரத்துக்கு ஏற்றமே இல்லை. பைன் மரங்கள், இடது பக்கம் தண்ணீர். பிறகு வலது பக்கம் பிரிகிற பாதை காட்டை விட்டு வெளியே வந்து நேராக மேலே ஏறுகிறது. சாய்வில் பாதி தூரம் போனதும் உறைந்த சேறு. மேலே நடந்தால் கண்ணாடி உடைகிற சத்தம். கடைசி வேலிக்கதவைத் தாண்டியதும் மூர்லாண்ட் ஆரம்பம்.

அந்த இடத்தில் ஒரு வெள்ளை முயல். இங்கிலாந்தில் மலை முயல் இருப்பது பீக் டிஸ்ட்ரிக்டில் மட்டும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டவை. குளிர்காலத்தில் உடம்பு வெள்ளையாகிவிடும். பனி இருந்தால் கண்ணுக்கே தெரியாது. அன்றைக்கோ அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் பனி. பழுப்புப் புதருக்கு நடுவே துவைத்த வேட்டி மாதிரி பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. தான் மறைந்திருப்பதாக அதற்கு நினைப்பு.

லாஸ்ட் லாட் குன்றுக்கு 12.10-க்கு வந்து சேர்ந்தோம். பத்து நிமிடம் தாமதம். உயரம் 518 மீட்டர். காணாமல் போன பையன் என்று அர்த்தம். கீழே டெர்வென்ட் கிராமத்திலிருந்து ஆடு ஓட்ட வந்த ஒரு பையன் பனிப்புயலில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டு இங்கேயே செத்துப்போனான், பாறையில் அந்த இரண்டு வார்த்தையைக் கீறி வைத்திருந்தான் என்று கதை. நடந்ததா, கட்டியதா, யாருக்கும் நிச்சயமில்லை. போகிறவர்கள் அவனுக்காக ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகிற வழக்கம் உண்டு. மகளும் ஒன்று வைத்தாள். எலுமிச்சை சாதத்தைக் கையுறையைக் கழற்றாமலே சாப்பிட்டோம்.

காலுக்குக் கீழே இருப்பது

இப்போது அவள் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் நின்றுகொண்டிருந்தது மண் மேல் இல்லை, பீட் மேல். பீட் என்பது முழுசாக மக்காத தாவரம். இங்கே அடியில் இருப்பது மணற்பாறையும் களிப்பாறையும், மேலே வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, வெயில் குறைவு. தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் காற்று புகாது. காற்று இல்லாமல் செடி சரியாக மக்காது. மக்காதது மேலே மேலே படிந்துகொண்டு போகிறது, வருஷத்துக்கு அதிகபட்சம் ஒரு மில்லிமீட்டர் என்கிற வேகத்தில். ஒரு மீட்டர் பீட் சேர ஆயிரம் வருஷமாவது வேண்டும்.

இதைக் கட்டுகிற கொத்தனார் ஸ்ஃபாக்னம் என்கிற பாசி. தன் உலர்ந்த எடையைப் போல இருபது மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் "மூர்லாண்ட் ஒரு பஞ்சு, மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். படித்த பிறகு நிறுத்திவிட்டேன். நல்ல ஆரோக்கியமான பீட் குளிர்காலத்தில் ஏற்கெனவே கழுத்து வரை நனைந்துதான் இருக்கும். ஏற்கெனவே நனைந்த பஞ்சில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? அப்படியே வழிந்துவிடும். ஸ்ஃபாக்னம் செய்கிற உதவி வேறு. அதன் மேற்பரப்பு கரடுமுரடான மெத்தை. மேலே ஓடுகிற தண்ணீர் தடுக்கித் தடுக்கித்தான் போக முடியும். வெறும் பீட்டில் அதே மழை வழுக்கிக்கொண்டு ஓடி, வாய்க்கால் பறித்து, மணிக்கணக்கில் ஆக வேண்டியதை நிமிடக்கணக்கில் கீழே கொண்டுபோய்த் தள்ளும்.

சரி, நிறம்? பீட் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும்போது ஹியூமிக், ஃபல்விக் அமிலங்கள் என்று பழுப்பு நிறச் சேர்மங்கள் உண்டாகித் தண்ணீரில் கரைகின்றன. டீத்தூளில் வெந்நீர் ஊற்றினால் நடப்பதற்கு நெருங்கிய உறவுதான் இது. டீ, செடியின் கரைசல். இதுவும் செடியின் கரைசல், செடிக்கு வயது மட்டும் சில ஆயிரம் வருஷம்.

குடிநீர் நிலையத்துக்கு இது பெரிய தலைவலி. இந்தப் பழுப்பை நீக்காமல் குளோரின் போட்டால் இரண்டும் வினைபுரிந்து டிரைஹாலோமீத்தேன் என்கிற வேண்டாத பொருட்கள் உண்டாகும். பிரிட்டனில் அதற்குச் சட்டப்படி உச்சவரம்பு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். அதனால் படிகாரம் மாதிரியான உப்புகளைச் சேர்த்து நிறத்தைத் திரளவைத்து எடுத்த பிறகுதான் குளோரின். நிறம் கூடினால் செலவும் கூடும்.

புகைபோக்கி செய்த வேலை

லாஸ்ட் லாடிலிருந்து பேக் டார் நோக்கி நடக்கும்போது பாதையோரம் பீட் அங்கங்கே வெட்டுப்பட்டுக் கறுப்பாகத் திறந்து கிடந்தது. சில இடங்களில் என் இடுப்பு உயரத்துக்குச் சுவர் மாதிரி. இது இயற்கை என்றுதான் நான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

இந்த மூர்லாண்டுக்கு மேற்கே மான்செஸ்டர், கிழக்கே ஷெஃபீல்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் நிலக்கரி எரித்த ஊர்கள். "அமில மழை" என்கிற விஷயத்தை முதலில் ஆராய்ந்ததே ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்கிற மான்செஸ்டர் வேதியியலாளர்தான். 1852-ல் மான்செஸ்டர் மழையைப் பற்றி எழுதினார், 1872-ல் புத்தகமே போட்டார். கந்தகப் புகை ஸ்ஃபாக்னத்துக்கு ஆகாது. இந்தப் பக்கத்து மூர்லாண்டுகளில் ஏராளமான இடங்களில் பாசி செத்துப்போனது. போர்வை போன பிறகு தீயும் ஆட்டு மேய்ச்சலும் மழையும் சேர்ந்து பீட்டை அரிக்க ஆரம்பித்தன.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் இந்த மலைகளில் சாதாரண ஜனங்கள் கால் வைக்க முடியாது. கிரவுஸ் என்கிற, கவுதாரி மாதிரி ஒரு பறவையைச் சுடும் பணக்காரர்களுக்காக மூடி வைத்திருந்தார்கள். குடிநீர் வரும் இடம், அசுத்தமாகிவிடும் என்பதும் அடிக்கடி சொல்லப்பட்ட காரணம். 1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர், பெரும்பாலும் மில் ஊர்களின் இளைஞர்கள், பக்கத்து கிண்டர் ஸ்கௌட் மலையில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேருக்கு ஜெயில். 1951-ல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. பாதையை விட்டு விலகித் திறந்த மூர்லாண்டில் நடக்கிற உரிமைக்கு 2000-ம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடக்க வந்தவனின் செருப்பைப் பார்த்துப் பயந்தார்கள். தண்ணீரின் பிறப்பிடத்தை அழித்துக்கொண்டிருந்தது அதே ஊர்களின் புகைபோக்கி.

இப்போது நான் ஆறு மாதம் படித்ததில் என்னை அசரவைத்த பகுதி. 1956-ல் சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. பிறகு மின்நிலையங்களின் கந்தகமும் குறைந்தது. அப்படியென்றால் தண்ணீரின் நிறமும் குறையணும் இல்லையா? கூடியது! வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 522 ஏரி, ஓடைகளின் அளவீடுகளை வைத்து 2007-ல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. கரைந்த கரிமப்பொருள் பல இடங்களில் ஏறுவதற்கு முக்கியக் காரணம், மழையில் வரும் கந்தகம் குறைந்ததுதான் என்றது.

காரணம் அடுப்படியில் இருக்கிறது. பாலில் எலுமிச்சை பிழிந்தால் கரைந்திருந்தது திரிந்து தனியாக நிற்கும். பீட்டின் பழுப்பு அமிலங்களும் ஏறக்குறைய அப்படித்தான், புளிப்பு கூடினால் கரையாமல் பீட்டிலேயே தங்கிவிடும். அமில மழை இத்தனை காலம் நிறத்தை உள்ளேயே பூட்டி வைத்திருந்தது. மழை சுத்தமாக, பூட்டு திறந்தது. ஆக, நாம் "பழைய தெளிந்த தண்ணீர்" என்று நினைப்பதே ஓரளவுக்கு நோயின் அறிகுறி.

மூடுபனி

பேக் டார், 538 மீட்டர், அன்றைய உச்சி. பாறைக் குவியலின் மேல் சர்வே தூண். தூணைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தால் ஷெஃபீல்டு பக்கம் இருந்த வானத்தைக் காணோம். ஐந்து நிமிடத்தில் மூடுபனி எங்களையும் மூடிவிட்டது. இருபது மீட்டருக்கு மேல் எதுவும் தெரியவில்லை. போனை எடுத்தேன். காலையில் 70 சதவீதம் இருந்த பேட்டரி குளிரில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மகளின் போனை வேண்டுமென்றே அணைத்து உள்பாக்கெட்டில் வைத்திருந்தோம். அதை அவசரத்துக்கென்று விட்டுவிட்டு மேப்பைப் பிரித்தோம்.

விளிம்பு ஏறக்குறைய நேர் தெற்கே ஓடுகிறது. வலது பக்கம் சரிவு, இடது பக்கம் சதுப்பு. காம்பஸை அவள் பிடித்தாள், நான் அடி எண்ணினேன். என் கணக்கில் ஒரே காலுக்கு 65 அடி என்றால் 100 மீட்டர். நல்லவேளையாகப் பாதையில் அகலமான கற்பலகைகள் பதித்திருக்கிறார்கள். பீக் மூர்லாண்டுகளில் இப்படிப் போடுகிற பலகைகளில் நிறைய, இடித்த பழைய பஞ்சாலைகளின் தரைக்கற்கள். பீட்டைக் கெடுத்த மில்லின் தரை இப்போது பீட்டை நம் காலிலிருந்து காப்பாற்றுகிறது.

கேக்ஸ் ஆஃப் பிரெட், சால்ட் செல்லர் என்று பேர் வைத்த பாறைகள் மூடுபனிக்குள்ளிருந்து யானை மாதிரி வந்து நின்று மறைந்தன. எங்கேயோ புதரில் கிரவுஸ் ஒன்று கத்திக்கொண்டு எழுந்தது. அதன் குரல் ஆங்கிலத்தில் "கோ பேக், கோ பேக்" என்கிற மாதிரியே கேட்கும். "அப்பா, அது நம்மளத்தான் சொல்லுது" என்றாள். சிரித்தோம், ஆனால் இரண்டு பேருக்கும் வயிற்றில் கொஞ்சம் புளி கரைந்துகொண்டுதான் இருந்தது.

வழியில் இரண்டு பாட்டில்களை நிரப்பினோம். ஒன்று வெறும் பீட் வாய்க்காலில் ஓடிய தண்ணீர். இன்னொன்று, பச்சைப் பாசி மெத்தைக்கு நடுவே தேங்கிய குட்டை. அந்தக் குட்டைக்குக் கீழே வாய்க்காலுக்குக் குறுக்கே கல் அடுக்கி அடைத்திருந்தது. பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் 2003-லிருந்து மூர்ஸ் ஃபார் தி ஃபியூச்சர் என்கிற கூட்டமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. வாய்க்கால்களை அடைப்பது, ஹெலிகாப்டரில் சுண்ணாம்பும் விதையும் தூவுவது, ஸ்ஃபாக்னம் நாற்றைக் கையால் நடுவது. நம் ஊரில் நாற்று நடுகிற மாதிரியே குனிந்து நடுகிறார்கள். நீர்மட்டம் மேலே வந்தால் காற்று போகாது, சிதைவு குறையும், கரைவதும் காலப்போக்கில் குறையும் என்பது எதிர்பார்ப்பு.

வீல் ஸ்டோன்ஸ் வந்தபோது மணி 2.20. சரியாக அப்போது மூடுபனி கிழிந்தது! கீழே லேடிபவர் முழுக்க வெயில். தெற்கு முனை கைக்கெட்டும் தூரத்தில், பொன்னிறமாக. "அப்பா, போயிடலாம்ப்பா. முக்கால் மணி நேரம்தானே?" எனக்கும் அதே ஆசைதான். இவ்வளவு தூரம் வந்து வட்டத்தை முடிக்காமல் போவதா?

"சீட்டை எடு" என்றேன். எடுத்தாள், படித்தாள். முகம் சுருங்கியது. ஒன்றும் பேசாமல் குறுக்குப் பாதையில் திரும்பினாள்.

மூழ்கிய ஊர்

இறக்கத்தில் கால் மணி நேரம் போனதும் பனிக்கட்டி மேல் வழுக்கி அவள் கணுக்கால் பிசகியது. எலும்பு முறியவில்லை, வீக்கம்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் இறங்க வேண்டியதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கரைப் பாதைக்கு வந்தபோது சூரியன் போய்விட்டிருந்தது. டார்ச்சைப் போட்டுக்கொண்டோம். இதே பிசகல் தெற்கு முனையில் நடந்திருந்தால், இதே இருட்டு மலைச்சரிவில் பிடித்திருக்கும்.

அந்தக் கரையில் தண்ணீருக்கு அடியில்தான் டெர்வென்ட் கிராமம். லாஸ்ட் லாட் பையனின் ஊர். லேடிபவருக்காக இதையும் ஆஷாப்டனையும் காலி செய்தார்கள். கல்லறையிலிருந்தவர்களைத் தோண்டி எடுத்து பாம்ஃபோர்டில் புதைத்தார்கள். தேவாலயக் கோபுரத்தை மட்டும் நினைவுக்காக விட்டு வைத்தார்கள். தண்ணீரிலிருந்து தலை நீட்டிக்கொண்டு நின்ற அதை 1947 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பழைய கல் பாலத்தை மட்டும் கல் கல்லாகப் பிரித்து, ஹௌடனுக்கு மேலே ஸ்லிப்பரி ஸ்டோன்ஸில் மறுபடி கட்டினார்கள். 1976, 1995, 2018, 2022 மாதிரி வறட்சி வருஷங்களில் ஊரின் இடிபாடு வெளியே வரும், கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள்.

நான் சேலம் மாவட்டத்துக்காரன். மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். சின்ன வயதில் அப்பா கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். மகளிடம் அதைச் சொன்னேன். "அங்கயும் ஊரு உள்ள இருக்கா?" என்றாள். "இருக்கு." அதற்குப் பிறகு கார் வரும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். மணி 5.05.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை ஜன்னலில் வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் மூன்று பாட்டிலையும் வரிசையாக வைத்தோம். வெறும் பீட் வாய்க்கால்: டிகாஷன். பாசிக் குட்டை: லைட் டீ. அணையடி: இரண்டுக்கும் கீழே, வெளிர் மஞ்சள். மூன்று பாட்டிலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரே நாள், ஒரே மழைக்காலம், அளவுகோல் எங்கள் கண்.

"அப்ப கலர் கூடினது நல்லதா, கெட்டதா?"

"மழை சுத்தமானதால கூடினா நல்லது. பீட் உடைஞ்சு கிடக்கிறதால கூடினா கெட்டது. ரெண்டும் ஒரே தண்ணியில கலந்து வருது."

கொஞ்ச நேரம் பாட்டில்களையே பார்த்தாள். பிறகு மூன்றிலும் லேபிள் ஒட்டி, தேதி எழுதி, அலமாரியில் வைத்துவிட்டு, "அடுத்த ஜனவரியில அதே குட்டையில எடுக்கணும். அந்தத் தெற்கு முனையும் பாக்கி இருக்கு" என்றாள். சீட்டையும் பாட்டிலோடு சேர்த்து ரப்பர்பேண்ட் போட்டு வைத்திருக்கிறாள். கிளம்பும் நேரத்தை எட்டரை என்று திருத்தி எழுதியிருக்கிறது.